மணல் ஓரிடம், ஆலை வேறிடம்: அரிய மண் தனிமங்கள் துருப்புச் சீட்டான கதை

2025 மே மாதத்தில் சிகாகோவிலுள்ள ஃபோர்டு கார் ஆலை ஒரு வாரம் உற்பத்தியை நிறுத்தியது. தொழிலாளர் போராட்டமும் இல்லை, விற்பனை மந்தமும் இல்லை. மோட்டார்களுக்கான காந்தம் வந்து சேரவில்லை. அதே காலத்தில் ஜப்பானில் சுசுகி நிறுவனம் ஸ்விஃப்ட் காரின் உற்பத்தியை நிறுத்திவைத்தது. இந்தியாவில் மின் ஸ்கூட்டர் செய்யும் நிறுவனங்கள், கையிருப்பிலுள்ள காந்தங்கள் இன்னும் எத்தனை வாரத்துக்குத் தாங்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கின. ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மீது புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 4 அன்று, சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லூட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு அரிய மண் தனிமங்களையும் அவற்றைக் கொண்டு செய்யும் காந்தங்களையும் உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று சீனா உத்தரவிட்டது. கார் ஆலைகளின் கதவை அடைத்தது அந்த உத்தரவுதான்.

இந்தச் சரக்கின் பண மதிப்பைப் பார்த்தால் வியப்பு கூடும். 2024-இல் அமெரிக்கா இறக்குமதி செய்த அரிய மண் சேர்மங்கள், உலோகங்கள் ஆகியவற்றின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 17 கோடி டாலர் என்பது அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையின் மதிப்பீடு. அந்த ஆண்டில் அமெரிக்கா வாங்கிய அனைத்துச் சரக்குகளின் மதிப்போ மூன்று லட்சம் கோடி டாலருக்கும் மேல். ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கே தேறும் ஒரு வணிகம், உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்து வந்தது. இது எப்படி முடிந்தது என்ற கேள்விக்கு, "சீனாவின் நிலத்தடியில் அந்தக் கனிமம் இருக்கிறது" என்ற பதில் போதாது. இந்தியாவின் கடற்கரைகளிலும் அது கிடக்கிறது. பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கிறது. வளம் என்பது வேறு, அந்த வளத்தைக் கொண்டு அடுத்த நாட்டை வழிக்குக் கொண்டுவரும் வலு என்பது வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிய, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஏனெனில் இதே கனிமத்தை வைத்து இதே ஆட்டம் அங்கே முன்பே ஒருமுறை ஆடப்பட்டுவிட்டது.

மணவாளக்குறிச்சிக் கரையில் ஒரு கை மணலை அள்ளிப் பார்த்தால் அது ஒரே நிறமாக இருக்காது. கறுப்பாகத் தெரிவது இல்மனைட், சிவப்பாக மின்னுவது கார்னெட், நிறமற்றுப் பளபளப்பது ஜிர்கான். அவற்றுக்கிடையே தேன் நிறத்தில் தட்டுப்படும் சிறு மணிகள்தாம் மோனசைட். அரிய மண் தனிமங்களும் கதிரியக்கமுள்ள தோரியமும் ஒன்றாகக் கலந்திருக்கும் கனிமம் அது. இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் இந்த மணிகளைக் கண்டறிந்தவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ஆண்டு 1909. அப்போது அந்தக் கரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கியது.

அன்று உலகம் தேடியது தோரியத்தைத்தான், அதுவும் விளக்குக்காக. பெட்ரோமாக்ஸ் விளக்கேற்றிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த மேண்டில் நினைவிருக்கும். புதிதாக வாங்கும்போது மெல்லிய வெள்ளை நூல்வலைப் பை. கட்டித் தொங்கவிட்டு முதல் தடவை கொளுத்தினால் நூல் எரிந்துபோய், அதன் வடிவிலேயே ஒரு சாம்பல் கூடு மிஞ்சும். விரல் பட்டால் பொடிந்துவிடும். தோரியம் ஆக்சைடும் அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த கூடு அது. அந்தக் கூடுதான் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளியைத் தந்தது. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் எரிவாயுவில் எரிந்த காலத்தில், பிரேசில் கடற்கரை மணலுக்குப் போட்டியாகத் திருவிதாங்கூர் மணல் வந்து இறங்கியது. முதல் உலகப் போர் மூண்டதும் பிரிட்டன் செய்த காரியங்களுள் ஒன்று, இந்த மணலில் ஜெர்மானியருக்கிருந்த பங்கை ஒழித்துக்கட்டியது. மின்விளக்கு பரவியதும் மேண்டிலின் மவுசு குறைந்தது. மோனசைட்டும் கவனத்திலிருந்து விலகியது.

1945-இல் அணுகுண்டு வெடித்தபின் நிலைமை தலைகீழாக மாறியது. யுரேனியத்தைப் போலவே தோரியத்திலிருந்தும் அணு எரிபொருள் பெறலாம் என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரிந்திருந்தது. உலகின் யுரேனிய, தோரிய வளங்களைத் தங்கள் கைக்குள் கொண்டுவரவென்றே அமெரிக்காவும் பிரிட்டனும் 1944-இல் ஒரு கூட்டு அறக்கட்டளையை நிறுவியிருந்தன. திருவிதாங்கூர்த் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் இந்தக் காற்று வீசும் திசையைக் கூர்மையாகக் கவனித்தவர். 1947 ஜூனில், பிரிட்டிஷார் வெளியேறிய பின் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அவர் அறிவித்தபோது, அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் நின்றவற்றுள் ஒன்று இந்த மணல். மூன்று ஆண்டுகளில் 9,000 டன் மோனசைட்டைப் பிரிட்டனுக்குத் தருவதென்றும், பதிலுக்குத் திருவிதாங்கூரிலேயே ஒரு பதனிடும் ஆலையைப் பிரிட்டிஷார் அமைப்பதென்றும் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. தோரிய மணலுக்காகப் பிரிட்டன் திருவிதாங்கூரின் தனி நாட்டுக் கோரிக்கைக்கு மறைமுகமாகத் துணைபோகிறதோ என்ற கவலையை, நேருவுக்கு நெருக்கமான வி.கே. கிருஷ்ண மேனன் மவுண்ட்பேட்டனிடம் எழுத்திலேயே தெரிவித்தார். ஆனால் ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் சி.பி. வெட்டுப்பட்டுக் காயமடைந்தார்; சில நாட்களுக்குள் மகாராஜா இந்திய யூனியனோடு இணைய ஒப்புக்கொண்டார். மணல் ஒரு நாட்டை உருவாக்கித் தரவில்லை.

சி.பி.யின் அரசியலை ஏற்காதவர்கள்கூட ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விலையை மட்டும் பேசாமல் ஆலையையும் சேர்த்துக் கேட்டார். மணலை மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருக்கும் வரை திருவிதாங்கூர் வெறும் விற்பனையாளர்தான் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே கருதுகிறேன்.

சுதந்திர இந்தியாவும் அதே முடிவுக்குத்தான் வந்தது. மோனசைட் ஏற்றுமதியை நிறுத்தி வைத்து, 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு ஆலுவாவில் ஆலை கட்டியது. 1952 டிசம்பரில் நேரு அதைத் திறந்துவைத்தார். இடைப்பட்ட 1951-இல் ஒரு சோதனை வந்தது. மழை பொய்த்து உணவுத் தட்டுப்பாட்டில் தவித்த இந்தியா, அமெரிக்காவிடம் இருபது லட்சம் டன் தானியம் கேட்டது. அதிபர் ட்ரூமன் இசைந்தாலும், அமெரிக்க நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் விவாதம் நீண்டது. தானியம் கொடுக்கிறோம், மோனசைட்டும் மாங்கனீசும் தரட்டும் என்ற குரல் அங்கே ஓங்கி ஒலித்தது. அணு ஆயுதத்துக்குப் பயன்படும் பொருளைப் பசிக்கு ஈடாகத் தருவதில்லை என்று நேரு உறுதியாக நின்றார். கடைசியில் 19 கோடி டாலர் கடனாகத் தானியம் வந்தது, மோனசைட் போகவில்லை. வளத்தைத் துருப்புச் சீட்டாக வைத்திருப்பவரின் பலவீனம் இங்கே பளிச்சென்று தெரிகிறது. வாங்குபவரிடமும் ஒரு சீட்டு இருக்கிறது, அன்று அது கோதுமை. யாருடைய அவசரம் பெரிது என்பதில்தான் பேரம் நிற்கிறது. பட்டினி கிடக்கும் நாடு காத்திருக்க முடியாது. தோரியம் கேட்ட நாடு காத்திருக்க முடிந்தது.

1953-இல் இன்னொரு நிகழ்ச்சி. இந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஒரு டன் தோரியம் நைட்ரேட் ஒரு போலந்துக் கப்பலில் சீனாவுக்குப் போனது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களை அனுப்பும் நாட்டுக்கு அமெரிக்க உதவி நிறுத்தப்படும் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. ஒரு டன் பொடிக்காக இந்தியாவுக்கான மொத்த உதவியும் ஊசலாடியது. நீண்ட பேச்சுக்குப்பின் உதவி நிற்காமல் விவகாரம் தீர்க்கப்பட்டது.

இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதால் வாங்குபவர் என்ன ஆனார் என்பதுதான் இந்தப் பழங்கதையின் முக்கியமான பகுதி. சிகாகோவுக்கு அருகே இந்திய மோனசைட்டை நம்பி இயங்கிய ஆலை மூலப்பொருள் இன்றித் திண்டாடியது உண்மை. ஆனால் 1952-இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டீன்கம்ப்ஸ்கிரால் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகள் உலகின் முதன்மையான வழங்குநராக அது இருந்தது. 1949-இல் கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸில் யுரேனியம் தேடிப் போனவர்கள் அரிய மண் தாதுவைக் கண்டுபிடித்தார்கள். 1960-களின் நடுவில் வண்ணத் தொலைக்காட்சியின் சிவப்பு நிறத்துக்கு யூரோப்பியம் என்ற அரிய மண் தனிமம் தேவைப்பட்டபோது, அந்தச் சுரங்கம் உலகச் சந்தையின் தலைமை இடத்தைப் பிடித்தது. இந்தியா தன் மணலைக் காத்துக்கொண்டது. ஆனால் உலகம் வேறு கடையைப் பார்த்துக்கொண்டது. பதனிடாத தாதுவைப் பூட்டி வைத்தால் பூட்டு சில ஆண்டுகளே தாங்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அப்படியானால் சீனாவின் பூட்டு மட்டும் ஏன் இவ்வளவு இறுகலாக இருக்கிறது? விடை வேதியியலில் இருக்கிறது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அரிய மண் தனிமங்கள் பதினேழு. பெயரில்தான் அருமை, சீரியம் ஏறக்குறையச் செம்பின் அளவுக்குப் பூமியின் மேலோட்டில் இருக்கிறது. சிக்கல், இவை ஒன்றாகவே கிடைப்பதும், ஒன்றைப்போலவே ஒன்று நடந்துகொள்வதும். நியோடைமியத்துக்கும் அதன் அருகிலுள்ள பிரசியோடைமியத்துக்கும் வேதிப் பண்பில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. எனவே அவற்றைப் பிரிக்க, தாதுவை அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலை மண்ணெண்ணெய் போன்ற ஒரு திரவத்தோடு கலக்குவார்கள். அந்தத் திரவத்தில் சேர்த்திருக்கும் ஒரு வேதிப்பொருள், ஒரு தனிமத்தை மற்றதைவிடச் சற்றே கூடுதலாகப் பற்றிக்கொள்ளும். கலக்கி, அமைதியாக விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், நீர் கீழே நிற்கும். ஒரு தொட்டியில் கிடைப்பது மிகச் சிறிய பிரிவு. அதையே அடுத்த தொட்டியில், அதற்கடுத்த தொட்டியில் என்று நூற்றுக்கணக்கான தொட்டிகளில் திரும்பத் திரும்பச் செய்தால்தான் தூய்மையான ஒரு தனிமம் கைக்கு வரும். ஆலை ஓடத் தொடங்கி, எல்லாத் தொட்டிகளும் சமநிலைக்கு வரவே வாரக்கணக்கில் ஆகும். எந்த இடத்தில் எவ்வளவு அமிலம், எவ்வளவு வேகம் என்பது புத்தகத்தைப் படித்தால் மட்டும் வந்துவிடுவதில்லை, கைப்பழக்கம் வேண்டும்.

சீனா இந்தக் கைப்பழக்கத்தை ஒரு தலைமுறைக் காலம் உழைத்துச் சேர்த்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று 1951-இல் நாடு திரும்பிய ஷு குவாங்ஷியான், 1970-களில் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் இந்த அடுக்குத் தொட்டி முறைக்கான கணிதத்தை வகுத்தார். மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்துக் கண்டறிய வேண்டியதை அவரது முறை கணக்கிட்டே சொல்லிவிட்டது. ஆய்வகத்திலிருந்து நேராக ஆலைக்குப் போக முடிந்தது. உள் மங்கோலியாவின் பயன் ஓபோ சுரங்கத்தில் இரும்போடு சேர்ந்து கிடைத்த இலேசான அரிய மண்ணும், தெற்கே ஜியாங்ஷியின் களிமண் குன்றுகளில் கிடைத்த டிஸ்புரோசியம் போன்ற கனமான அரிய மண்ணும் மூலப்பொருளாயின. மத்தியக் கிழக்கில் எண்ணெய், சீனாவில் அரிய மண் என்று சீனத் தலைவர் டெங் ஷியாவோபிங் 1992-இல் கூறியதாகப் பலரும் எடுத்துக்காட்டுவதுண்டு. அந்த ஒப்பீட்டை நான் முழுதாக ஏற்பதில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். 1990-களில் சீனப் பொருள் அடிமாட்டு விலைக்குச் சந்தையில் இறங்கியது. மவுண்டன் பாஸ், கழிவுநீர்க் குழாய் உடைப்புகளாலும் விலைப் போட்டியாலும் தளர்ந்து 2002-இல் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய மேக்னக்வென்ச் என்ற காந்த நிறுவனம் 1995-இல் சீனப் பங்குதாரர்கள் அடங்கிய குழுவுக்கு விற்கப்பட்டு, அதன் அமெரிக்க ஆலை பிற்பாடு மூடப்பட்டு, உற்பத்தி சீனாவுக்குப் போனது. நியோடைமியம், இரும்பு, போரான் கலந்த வலிய காந்தத்தை 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவை ஜப்பானும் அமெரிக்காவும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, காந்தத்துக்குப் பயன்படும் அரிய மண்ணில் சீனா தோண்டுவது உலக அளவில் சுமார் 60 விழுக்காடு. பிரித்துத் தூய்மையாக்குவது 90 விழுக்காட்டுக்கு மேல். காந்தமாகச் செய்வது அதனினும் சற்றுக் கூடுதல். படிக்குப் படி விழுக்காடு ஏறுவதைக் கவனியுங்கள். பிடி சுரங்கத்தில் இல்லை, அதற்கு மேலுள்ள படிகளில் இருக்கிறது.

இந்தப் பிடி முதன்முதலில் வெளிப்பட்டது 2010-இல். செப்டம்பர் 7 அன்று, ஜப்பான் செங்காகு என்றும் சீனா தியாவ்யூ என்றும் உரிமை கோரும் தீவுகளுக்கு அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. படகின் தலைவரை ஜப்பான் கைது செய்தது. அடுத்த சில வாரங்களில் ஜப்பானுக்குப் போக வேண்டிய அரிய மண் சீனத் துறைமுகங்களில் தேங்கியது. தடை ஏதும் விதிக்கவில்லை என்றே சீன அரசு சொன்னது. ஜப்பான் செப்டம்பர் 24 அன்று படகுத் தலைவரை விடுவித்தது. அந்த ஆண்டு ஏற்றுமதி ஒதுக்கீட்டையும் சீனா முன்பே சுமார் 40 விழுக்காடு குறைத்திருந்ததால், 2011-இல் விலைகள் பல மடங்கு பாய்ந்தன.

ஜப்பான் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்தை வைத்திருந்த லைனாஸ் நிறுவனத்தில், ஜப்பானிய அரசு முகமையும் சோஜிட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2011-இல் 25 கோடி டாலர் போட்டன. தாதுவைப் பிரிக்கும் ஆலை மலேசியாவின் குவாந்தான் அருகே கெபெங்கில் எழுந்தது. காந்தத்தில் டிஸ்புரோசியத்தின் அளவைக் குறைக்கும் ஆய்வுகளுக்கும், பழைய கருவிகளிலிருந்து உலோகத்தை மீட்கும் முறைகளுக்கும் ஜப்பான் பணம் ஒதுக்கியது. சீனாவை நம்பியிருந்த அளவு சுமார் 90 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காட்டுக்கு இறங்கியது. இன்னொரு பக்கம் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் 2012-இல் உலக வணிக அமைப்பில் தொடுத்த வழக்கில் 2014-இல் சீனா தோற்றது. 2015 தொடக்கத்தில் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் சீனா தோற்ற கதை போலத் தெரியும். நடந்தது வேறு. 2011-இல் பாய்ந்த விலைகள் முன்பே சரியத் தொடங்கியிருந்தன; ஒதுக்கீடு போனதும் இன்னும் இறங்கின. மவுண்டன் பாஸைப் பெரும் செலவில் மீண்டும் திறந்திருந்த மாலிகார்ப் நிறுவனம் 2015 ஜூனில் திவாலானது. பூட்டி வைப்பது மட்டும் ஆயுதமன்று, தாராளமாகத் திறந்துவிடுவதும் ஆயுதம்தான் என்பதை அப்போது மேற்கத்திய அரசுகள் போதுமான அளவுக்கு உணர்ந்ததாகத் தெரியவில்லை. விலை உயர்ந்தால் போட்டியாளர் முளைப்பார். விலை விழுந்தால் முளைத்தவர் கருகுவார். இந்தச் சுழற்சியை முறிக்கத்தான் 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, இன்று மவுண்டன் பாஸை நடத்தும் எம்பி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் 40 கோடி டாலர் முதலிட்டு, நியோடைமியம்-பிரசியோடைமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று பத்து ஆண்டுகளுக்கு அடிவிலையும் உறுதியளித்தது. சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று பல பத்தாண்டுகளாக உலகுக்கு உபதேசித்த நாடு, நம்மூர் நெல்லுக்கு வைப்பதுபோல ஓர் ஆதார விலையை வைக்க வேண்டிவந்தது.

2025-இல் சீனா பயன்படுத்திய கருவி 2010-இல் பயன்படுத்தியதைவிட நுட்பமானது. இது தடை அல்ல, உரிம முறை. சரக்கை வாங்குபவர் யார், எந்தப் பொருளில் அது சேர்க்கப்படுகிறது, ராணுவத்துக்குப் போகாது என்பதற்கு என்ன உறுதி என்றெல்லாம் ஆவணம் கேட்கப்பட்டது. இந்திய இறக்குமதியாளர்கள் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழைத் தயாரித்து, இந்திய அரசின் ஒப்புதல் பெற்று, சீனத் தூதரகத்தின் முத்திரையும் வாங்கி அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்படிப்பட்ட முறையில் யாருக்கு முதலில் தருவது, யாரைக் காக்க வைப்பது என்பதை ஓர் அலுவலகத்திலிருந்து தீர்மானிக்கலாம். ஒவ்வொரு விண்ணப்பமும் எந்த நாட்டு ஆலைக்கு எந்தக் காந்தம் எவ்வளவு தேவை என்ற விவரத்தையும் கூடவே கொண்டுவந்து கொடுக்கிறது. அக்டோபர் 9 அன்று சீனா இன்னும் ஐந்து தனிமங்களைச் சேர்த்து, சீன அரிய மண் மதிப்பில் 0.1 விழுக்காடு கலந்திருந்தால் வேறு நாட்டில் செய்த பொருளுக்கும் உரிமம் தேவை என்று விதியை நீட்டியது. அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபின், அந்த அக்டோபர் விதிகள் 2026 நவம்பர் 10 வரை நிறுத்திவைக்கப்பட்டன. ஏப்ரலில் வந்த உரிம முறை நீக்கப்படவில்லை.

எண்ணெயோடு ஒப்பிடுவதில் எனக்குள்ள தயக்கத்தை இங்கே சொல்லிவிடலாம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது ஒரு பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலர் அளவுக்கு உயர்ந்தது; உலகமே ஆட்டம் கண்டது. ஆனால் எண்ணெய் யாருடைய கிணற்றிலிருந்து வந்தாலும் எண்ணெய்தான். ஒரு நாட்டுக்கு மட்டும் கொடுக்காமல் இருப்பது கடினம், கப்பல்கள் திசை மாறிக்கொள்ளும். தடை 1974 மார்ச்சில் விலக்கப்பட்டது. அதே ஆண்டு சர்வதேச எரிசக்தி முகமை உருவாகி, பின்னர் 90 நாள் இறக்குமதிக்கு ஈடான கையிருப்பு என்ற ஏற்பாடும் வந்தது. காந்தம் அப்படியல்ல. ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி அளவு, தனிக் கலவை. மாற்றுச் சரக்கை மறுநாளே பொருத்திவிட முடியாது. மின் வாகன மோட்டார் சூடேறும்போது காந்தம் தன் வலுவை இழக்காமல் இருக்கத்தான் சிறிதளவு டிஸ்புரோசியமோ டெர்பியமோ சேர்க்கிறார்கள். அந்தச் சிறிதளவு இல்லையென்றால் ஒரு கிலோ, இரண்டு கிலோ எடையுள்ள காந்தம் முழுவதும் அந்த மோட்டாருக்கு உதவாது.

சுரங்கம் வைத்திருப்பவருக்கும் ஆலை வைத்திருப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை மியான்மரின் கச்சின் மாநிலம் இன்று கண்ணெதிரே காட்டுகிறது. தன் மண்ணில் சூழல் கேடு மிகுந்ததும் சீனா ஜியாங்ஷிக் குன்றுகளில் கட்டுப்பாடுகளை இறுக்கியது. தோண்டும் வேலை எல்லை தாண்டிக் கச்சின் மலைகளுக்குப் போனது. மலைச்சரிவில் குழாய்களைச் செருகி, அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே செலுத்தி, கீழே வடியும் நீரைத் தொட்டிகளில் பிடித்து, கனமான அரிய மண்ணை எடுக்கிறார்கள். மலையில் இறங்கிய ரசாயனம் ஓடையிலும் இறங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் கச்சின் விடுதலைப் படை பாங்வா சுரங்கப் பகுதியைக் கைப்பற்றியது. உலகின் கனமான அரிய மண் ஊற்றுகளுள் மிக முக்கியமான ஒன்று ஒரு கிளர்ச்சிப் படையின் வசமானது, விலைகளும் ஏறின. ஆனால் பாமோ நகரைப் பிடிக்கும் முயற்சியைக் கைவிடாவிட்டால் அந்தத் தாதுவை வாங்க மாட்டோம் என்று சீனா அந்தப் படையை எச்சரித்ததாக 2025 ஜூலையில் செய்தி வெளியானது. பிரிக்கும் ஆலைகள் எல்லைக்கு அப்பால் சீனாவில் இருப்பதால், தாது அவர்களிடம் இருந்தும், வாங்குபவர் ஒருவரே என்பதால், மிரட்டும் இடத்தில் வாங்குபவர் இருக்கிறார். 1947-இல் சி.பி. ஆலையைக் கேட்டதன் பொருள் இங்கே தெளிவாகிறது.

இந்தியாவின் நிலையும் ஒருவகையில் இதற்கு அருகில்தான் இருக்கிறது. அணுசக்தித் துறையின் மதிப்பீட்டில் கடற்கரை மணலிலும் பிற படிவுகளிலும் 1.3 கோடி டன் அளவுக்கு மோனசைட் இருக்கிறது. தோரியம் கலந்திருப்பதால் மோனசைட் அணுசக்திச் சட்டத்துக்குள் வந்தது; எனவே தனியார் தொட முடியவில்லை, பொதுத்துறை நிறுவனமே கையாள வேண்டியிருந்தது. அந்தப் பாதுகாப்புக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் விளைவாக, தோரியத்தை முதற்பொருளாகவும் அரிய மண்ணைத் துணைப்பொருளாகவும் பார்க்கும் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. பிரித்த ஆக்சைடில் ஒரு பகுதி, 2012-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஜப்பானுக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது. உள்நாட்டில் நியோடைமியம் காந்தங்களைப் பெரிய அளவில் செய்ய ஆலை இருக்கவில்லை. 2025-இல் நெருக்கடி வந்தபின், அந்த ஏற்றுமதியை நிறுத்துமாறு அரசு கேட்டுக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. நவம்பர் 26 அன்று மத்திய அமைச்சரவை, ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. காந்தத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிய மண் என்று வைத்துக்கொண்டால், 6,000 டன்னுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டன் உலோகம் வேண்டும். இன்று நம்மிடம் பிரித்தெடுக்கப்படும் நியோடைமியம்-பிரசியோடைமியம் சில நூறு டன்தான். சூடு தாங்க வைக்கும் டிஸ்புரோசியமோ இந்திய மோனசைட்டில் எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு இல்லை.

கூடுதல் ஆக்சைடு வேண்டுமென்றால் கூடுதல் மணல் வேண்டும். அந்த மணல் கிடக்கும் இடம் மணவாளக்குறிச்சிக்கு அப்பால், கிள்ளியூர் வட்டத்துக் கடற்கரைக் கிராமங்கள். அங்கே 1,144 ஹெக்டேரில் மணல் அள்ளும் திட்டத்தை மீனவ மக்கள் 2024 முதல் கடுமையாக எதிர்த்து வருகிறார்கள். கதிரியக்கம் பற்றிய அச்சமும், அலை அரித்துக்கொண்டிருக்கும் கரையில் மணலையும் எடுத்துவிட்டால் வீடு நிற்குமா என்ற கேள்வியும் அவர்களுடையவை. 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புத் தேவையில்லை என்று விலக்களித்தது. அதைத் திரும்பப் பெறக் கோரித் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பேச்சுவார்த்தை மேசையில் நாட்டுக்கு வலு சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சீனாவின் வலு எப்படிச் சேர்ந்தது என்பதை பயன் ஓபோ தாதுவைப் பதனிடும் பாவ்தோ நகரின் கழிவு ஏரியும் ஜியாங்ஷியின் சிதைந்த குன்றுகளும் சொல்கின்றன. மலேசியாவின் புக்கிட் மேராவில் 1980-களில் இயங்கிய அரிய மண் ஆலையின் தோரியக் கழிவுக்கு எதிராக ஊர் மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள்; ஆலை 1990-களில் மூடப்பட்டது, இடத்தைத் துப்புரவு செய்யச் சுமார் 10 கோடி டாலர் ஆனது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழக்கூடிய கேள்விகளைத் தவிர்த்துவிட்டால், அவை பிற்பாடு நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் எழும்.

பழைய கருவிகளிலிருந்து காந்தத்தை மீட்பது, டிஸ்புரோசியம் வேண்டாத மோட்டார்களை வடிவமைப்பது, ஆஸ்திரேலியாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து பிரிக்கும் ஆலைகளைக் கட்டுவது ஆகியவற்றுக்கெல்லாம் ஆண்டுகள் பிடிக்கும். ஜப்பான் 30 விழுக்காட்டைக் குறைக்க ஒரு பத்தாண்டுக்கு மேல் உழைத்தது. பூசானில் கிடைத்த அவகாசமோ ஓராண்டு.